எல்லைத் தமிழும் திறந்த மூலநிரலும்: பாறசாலை வட்டார ஊர்ப்பெயர்கள் காட்டும் சான்று

திறந்த மூலநிரல் தளத்தின்மீது மென்பொருள் அமைப்பதன் நன்மைகளாகப் பொதுவாகக் கூறப்படுவன உரிமக் கட்டணம் இன்மை, பிழைகளைப் பலர் கண்டு திருத்தும் வாய்ப்பு, ஒரே நிறுவனத்தைச் சார்ந்து நிற்க வேண்டாமை ஆகியனவாகும். இவை பொறியியலும் பொருளியலும் சார்ந்தவை. மொழியியல் நோக்கில் இவற்றினும் முதன்மையான நன்மை ஒன்று உண்டு. விற்பனைக் கணக்கில் இடம்பெறாத சிறு மொழிக்குழுவும் தன் வழக்கிற்கேற்ப மென்பொருளைத் திருத்திக்கொள்ள இத்தளங்கள் இடந்தருகின்றன. இதனை விளக்கக் கேரளத்தின் தென்னெல்லையிலுள்ள இரண்டு ஊர்ப்பெயர்களே போதும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைக் கடந்ததும் வரும் பாறசாலையும் சுற்றுச் சிற்றூர்களும் அவ்வட்டத்தைச் சேர்ந்தவை. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இங்கு உள்ளன. 1969ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வகை செய்கிறது. எனினும் ஆவணங்கள் கணிப்பொறிக்குள் சென்றபின் இவ்வுரிமை நடைமுறையில் மென்பொருளின் ஆற்றலையும் பொறுத்ததாகிறது. பெயர்களும் முகவரிகளும் மலையாளத்தில் பதிவாகியிருக்குமாயின், தமிழில் விடையளிக்க அவற்றைத் தமிழெழுத்துக்கு மாற்றியாக வேண்டும்.

இம்மாற்றம் மேலோட்டமாக நோக்க மிக எளியது. யூனிகோடு முறையில் இந்திய எழுத்துகள் இஸ்கி அமைப்பைப் பின்பற்றி ஒரே வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. தமிழ்க் ககரத்தின் எண் 2965. மலையாளக் ககரத்தின் எண் 3349. இடைவெளி 384. ழகரத்துக்கும் றகரத்துக்கும் இதே இடைவெளிதான். ஆகவே ஒவ்வொரு மலையாள எழுத்தின் எண்ணிலிருந்தும் 384ஐக் கழித்தால் தமிழ் கிடைத்துவிடும் என்று தோன்றும்.

பாறசாலையின் மலையாள எழுத்து வடிவத்தில் இவ்வாறு கழித்துப் பார்த்தால் கிடைப்பது 'பாறஶ்ஶால' என்பதாகும். இதிலுள்ள ஶ என்னும் எழுத்து யூனிகோட்டின் தமிழ்ப் பகுதியில் 2005இல்தான் சேர்க்கப்பட்டது. ஊர்மக்கள் எவரும் தம் ஊர்ப்பெயரில் அதனை எழுதுவதில்லை. நெய்யாற்றின்கரையின் நிலை இன்னும் சிக்கலானது. இப்பெயரின் இடையிலுள்ள மெய் மலையாளத்தில் 'சில்லு' எனப்படும் தனியெழுத்தால் எழுதப்படுகிறது. சில்லெழுத்துகள் 2008இல் தனிக் குறியெண் பெற்றன. அவ்வெண்ணிலிருந்து 384ஐக் கழித்தால் தமிழ்ப் பகுதியில் எழுத்தே இல்லாத வெற்றிடம் வருகிறது. 'நெய்யாற்றி' என்பதற்கும் 'கர' என்பதற்கும் நடுவே னகர மெய் மறைந்துவிடுகிறது.

ஈற்று உயிரும் கருதத்தக்கது. தமிழில் ஐகாரத்தில் முடியும் பல பெயர்ச்சொற்கள் மலையாளத்தில் அகரத்தில் முடிகின்றன: தலை, தல, மலை, மல, கரை, கர. எனவே அகரத்தை ஐகாரமாக்குக என ஒரு விதி அமைக்கலாம். ஆனால் அவ்விதியைக் கூட்டுப்பெயரின் உறுப்புதோறும் செலுத்தினால் 'பாறைசாலை' என்றாகும். வழக்கிலுள்ள வடிவமோ பாறசாலை. முற்பகுதி மலையாள அகரத்தோடும் பிற்பகுதி தமிழ் ஐகாரத்தோடும் நிற்கின்றன. இருமொழி வழங்கும் எல்லையில் இத்தகைய கலப்பு வடிவம் பிழையன்று. அதுவே ஊரின் பெயர். ஒலியியல் விதி மட்டும் அதனைத் தராது. விதிவிலக்குப் பட்டியலும் வேண்டும்.

அப்பட்டியலை மென்பொருளுக்குள் சேர்க்க யாருக்கு உரிமை உண்டு என்பதே இங்கு எழும் வினா. மூடிய மென்பொருளாயின் அதன் நிறுவனம் மனம் வைக்க வேண்டும். சில சிற்றூர்களுக்காக ஒரு வணிக நிறுவனம் புதிய பதிப்பை வெளியிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. திறந்த தளத்தின் நிலை வேறு. ஐசியு என்னும் பன்மொழி நிரல் நூலகம் 1999இல் ஐபிஎம் நிறுவனத்தால் திறந்த மூலநிரலாக வெளியிடப்பட்டு, 2016இல் யூனிகோடு அமைப்பின் பொறுப்பிற்கு வந்தது. இந்திய எழுத்துகளை ஒரு பொது இடைவடிவத்தின் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் விதிகள் அதில் உள்ளன. அவ்விதிகள் எவரும் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்புகளே. ஒரு வட்டாரத்தின் விதிவிலக்குகளை அவற்றோடு இணைக்க முழு மென்பொருளையும் புதிதாக எழுத வேண்டுவதில்லை; யாரிடமும் ஒப்புதல் பெறவும் வேண்டுவதில்லை.

ஒரு மொழிக்காகச் செய்த உழைப்பு அண்டை மொழிக்கும் பயன்படுவது மற்றொரு சிறப்பு. 'கொ' என்னும் எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது, மலையாளத்திலும் அவ்வாறே. இத்தகைய எழுத்தமைப்பை ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த நிரல் இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே பகுதியில் கையாளுகிறது. ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை அதனைப் பயன்படுத்துகின்றன. 'மீரா இனிமை' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கிக் கட்டற்ற உரிமத்தில் அளித்ததும் சுதந்திர மலையாளம் கணிமை என்னும் கேரளக் குழுவே. எல்லைக்கு இருபுறமும் உள்ளோர் அறியத்தக்க செய்தி இது.

கேரளம் இவ்வகை முயற்சிக்கு ஏற்ற களமுமாகும். 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது பாறசாலை அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான். 2007ஆம் ஆண்டின் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளை முன்னிறுத்தியது. 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் 2017இல் 'கைட்' நிறுவனமாக மாறியது. பள்ளிக் கணிப்பொறிகளில் குனு/லினக்ஸ் வழங்குகிறது. ஆகவே எல்லைப்புற மாணவர்க்கு இத்தளம் புதியதன்று.

உரிமம் திறந்திருப்பதனால் மட்டும் பணி தானே நடந்துவிடாது என்பதையும் கூற வேண்டும். தன்னார்வலர் தொடங்கிப் பாதியில் நின்ற தமிழாக்கங்கள் பல. ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பொறுத்தவரை நிரலர் செய்ய வேண்டியது சிறிதே. சிற்றூர்தோறும் சென்று, தமிழ் பேசுவோர் தம் ஊரை எவ்வாறு ஒலிக்கின்றனர், எவ்வாறு எழுதுகின்றனர் என்று கேட்டுப் பதிவதே பெரும்பணி. அது கள ஆய்வு பயின்ற மொழியியல் மாணவர்க்குரியது. ஒலி வடிவம், எழுத்து வடிவம், மலையாள வடிவம் என மூன்று நிரலாகப் பதிந்தால் அப்பட்டியலை அப்படியே விதிக்கோப்பாக மாற்றலாம்.