ஆனை நம்மைப் பார்த்தாச்சு

எண்பதுகளில் நாகர்கோவிலில் சபாரி என்றால் தையற்கடையில் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்கிற உடுப்பு. கல்யாண வீட்டில் மாமன்மார் அதைப் போட்டுக்கொண்டு வியர்த்து நிற்பார்கள். சொல் என்னவோ அரபியில் பயணத்தைக் குறிக்கும் ‘சபர்’. ஸ்வாஹிலி மொழிக்குள் போய் ‘சபாரி’ ஆனது. பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போவதைத் தமிழ் முஸ்லிம்கள் ‘சபர்’ என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். இப்போது அது திறந்த ஜீப்பில், கூட ஒரு வழிகாட்டியோடு மிருகம் பார்க்கப் போகும் விடுமுறை.

தான்சானியாவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் போனில் படங்கள் காட்டினார். ஒரே படத்தில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, தூரத்தில் சிங்கம். காட்டி முடித்துவிட்டு, “நம்ம பேச்சிப்பாறைக் காட்டுல என்ன இருக்கு, அட்டையைத் தவிர?” என்றார்.

எல்லாம் இருக்கிறது. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். புலி, ஆனை, காட்டுமாடு, மிளா, உயரத்தில் வரையாடு. வடக்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஒட்டிக் கிடக்கிறது. ஆனாலும் கோதையாற்றுப் பக்கம் நாள் முழுக்க நடந்துவிட்டு, நண்பர் சொன்னதுபோல அட்டைக்கடியோடு மட்டும் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

காரணம் சாப்பாடு இருக்கும் இடம். தான்சானியாவின் செரெங்கெட்டியில் விளைவது புல். அது மிருகத்தின் வாய் மட்டத்தில் நிற்கிறது. அதை நம்பி லட்சக்கணக்கில் காட்டெருதுகள் மேய்கின்றன, அவற்றை நம்பிச் சிங்கம். நம் மழைக்காட்டில் வெயில் மேலேயே பிடிபட்டுவிடுவதால் தளிரும் பழமும் நூறடிக்குப் போய்விட்டன. மிச்ச இலையிலும் பாதி கசப்பும் துவர்ப்பும். ஆகவே தின்கிறவர்களும் மாடியில் குடியிருக்கிறார்கள்: கருமந்தி, மலையணில், இருவாச்சி. தரையில் நடக்கும் பெரிய மிருகங்கள் குறைவு. இருப்பவையும் சிதறி வாழும். இருபது அடிக்கு அப்பால் புதர் மறைத்துவிடும்.

ஜீப்புக்கும் ஒரு ரகசியம் உண்டு. அதை அறிய ஆப்பிரிக்கா போகவேண்டாம், தேரூர் குளத்தங்கரை போதும். சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கரை ரோட்டில் லாரியும் பைக்கும் போகும். நாரை தலை தூக்காது. நீங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி இரண்டு எட்டு வைத்தால் எழும்பிவிடும். எவ்வளவு நெருங்கினால் ஓடுவது என்று ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்விட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் அதற்கு ‘ஓட்டத் தூரம்’ என்று பெயர் வைத்தார். தினமும் வந்து, ஒன்றும் செய்யாமல் போகும் வண்டிக்கு அந்தத் தூரம் சுருங்கிக்கொண்டே வரும். இரண்டு காலில் நடக்கும் உருவத்துக்கு எளிதில் சுருங்காது. மனிதனை அவை மறந்ததில்லை. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும் வனத்துறை வண்டியில் மானும் காட்டுமாடும் பக்கத்தில் தெரிவதற்கு, அங்குள்ள காய்ந்த காட்டின் புல் ஒரு பாதிக் காரணம், இந்தப் பழக்கம் மறுபாதி.

கோதையாற்றுக் காட்டில் வனத்துறை அனுமதியோடு ஒருமுறை நடந்தேன். முன்னால் போனவர் காணிக்காரப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மூத்தவர். புறப்படும்போதே என் வெள்ளை வேட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். “சாரே, இது மிளாவுக்கு விளக்கு கொளுத்தி வச்சது மாதிரி.” அவர் சொன்னது சரி. மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் அணுக்கள் இரண்டே வகை, நமக்கு மூன்று. சிவப்புப் பக்கம் அதற்கு மந்தம், நீலப் பக்கம் கூர்மை. சோப்புத்தூளில் துணி பளிச்சிடக் கலக்கும் சாயம் அந்த நீலப் பக்கத்தில்தான் ஒளிர்கிறது. புலி இதன் மறுபக்கம். நமக்குச் செம்மஞ்சளாகக் கண்ணைப் பறிக்கும் அதன் தோல், மானுக்கு இலையோடு இலையாய்ப் பச்சையாகத் தெரியும். பாலூட்டிகளின் உரோமத்தில் பச்சைச் சாயம் ஊறுவதில்லை, கறுப்பும் செம்மஞ்சளும்தான். இரைக்குப் பச்சையாகத் தெரியச் செம்மஞ்சளே போதும் என்றான பிறகு புலிக்கு என்ன கவலை?

ஓடைக்கரைச் சேற்றில் ஒரு தடம். காணிக்காரர் தோளில் கிடந்த துவர்த்தை முறுக்கி, தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்து, முடிந்த இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு அதே நீளத்தை இரண்டு முறை தரையிலிருந்து மேலே அளந்து காட்டினார். என் தலைக்கு மேல் இரண்டு சாண். ஆனையின் முன்னங்கால் சுற்றளவைப் போல் இரண்டு பங்கு அதன் தோள் உயரம். பாகர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் பொதுவான கணக்கு இது, பெரிதாகப் பிசகாது. பத்தடி தள்ளி லத்தி கிடந்தது. ஒரு உருண்டையைப் பிளந்தார். உள்ளிருந்து ஆவி வந்தது. நாரும் சக்கைக் கொட்டையும் முழுசாக இருந்தன. தின்பதில் பாதியைக்கூட ஆனை செரிப்பதில்லை.

“அண்ணாச்சி, அப்போ பக்கத்துலதான் நிக்குதா?”

“நம்மளைப் பார்த்தாச்சு சாரே. இனி நாம பார்க்கமாட்டோம்.”

அத்தனை பெரிய உடம்பு சத்தமில்லாமல் நகர்வது காலின் அமைப்பால். ஆனை உள்ளுக்குள் விரல் ஊன்றி நிற்கிறது. குதிகாலின் கீழே கொழுப்பு மெத்தை. சருகின் மேல் மெத்தை முதலில் பரவி, பிறகே பாரம் இறங்கும். பேச்சும் நமக்குக் கேளாத பேச்சு. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆனைகளின் அருகே நின்ற ஆராய்ச்சியாளர் கேட்டி பெய்ன், காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்தபோது, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அவை பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஒலி மரங்களில் மோதிச் சிதறாமல் கிலோமீட்டர்கள் போகும்.

இந்தக் காட்டில் எல்லோரும் பெயர் சொல்லி அறிந்த ஆனை ஒன்று உண்டு: அரிக்கொம்பன். 2023 ஏப்ரலில் இடுக்கி சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் கட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள் வந்தது. ஜூன் முதல் வாரத்தில் மறுபடி பிடித்து, லாரியில் ஏற்றி, மேல்கோதையாற்றுப் பக்கம் முத்துக்குளிவயல் காட்டில் இறக்கினார்கள். அன்றிலிருந்து பல வாரம் குமரி மாவட்டத்து டீக்கடைகளில் பேச்சு அதுதான். இன்று எங்கே நிற்கிறது, நேற்று எவ்வளவு தூரம் நடந்தது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டவர்களில் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை.

திரும்பும் வழியில் கீழே ரப்பர் தோட்டம். பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகும் தொழிலாளிக்கு அந்த வெளிச்ச வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அங்கே ஒரு அம்மாவிடம், ஆனையைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஆசையாகக் கேட்டேன்.

“பார்க்கக்கூடாதுன்னுதானே சார் மூக்கைத் தூக்கிட்டு நடக்கோம்” என்றார். சக்கை பழுக்கிற காலத்தில் ஆனை வாசம் பட்டால் சிரட்டையையும் கத்தியையும் அப்படியே போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடுவார்களாம். போன வாரம் இரண்டு நாள் திரும்பினார். இரண்டு நாள் கூலி போனது.