முதனூலும் திரைவடிவமும்: டோல்கீன் கதை பற்றி ஒரு நோக்கு

மக்கள் விரும்பிப் பலகாலும் பயின்ற கதையொன்று திரைப்படமாகுங்கால், அக்கதையின் அன்பர்கள் மகிழ்ச்சியும் மனக்குறையும் ஒருங்கே கொள்ளுதல் எங்கும் காணப்படுவதே. மகிழ்ச்சியின் காரணம் வெளிப்படை. மனக்குறைக்குக் காரணம் யாது என்பதே ஆராயத்தக்கது. 'நூலில் உள்ளது படத்தில் இல்லை' என்று அவர்கள் கூறுவதை அவ்வாறே ஏற்றுக்கொண்டால், நூலின் நிகழ்ச்சிகள் எத்துணைக் குறைந்தனவோ அத்துணை வருத்தமும் மிகுதல் வேண்டும். உண்மையில் அவ்வாறு நிகழவில்லை. ஒரு பெரும்பகுதி முழுவதும் நீங்கியதைப் பொறுத்துக்கொண்ட அன்பர்களே, அளவிற் சிறியதொரு மாற்றத்தைப் பொறாது பல்லாண்டுகள் வாதிட்டதைக் காண்கிறோம். ஆங்கில ஆசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் இயற்றிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் அற்புதப் புனைகதையும் அதன் திரைவடிவமும் இதற்குத் தக்க சான்றாகும்.

டோல்கீன் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937-இல் 'தி ஹாபிட்' என்னும் சிறு நூலையும், 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக இப்பெருங்கதையையும் வெளியிட்டார். கதையின் கரு எளியது. உலகை அடிமைப்படுத்த வல்ல மோதிரம் ஒன்று ஃபிரோடோ என்னும் எளிய ஹாபிட்டின் கையில் வந்து சேர்கிறது. அதனைப் பயன்படுத்தாமல், அது உருவான எரிமலையிலேயே இட்டு அழித்தல் அவன் கடமை. மோதிரமோ தன்னை நெருங்குவார் உள்ளத்தையெல்லாம் தன்பால் ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே போர்கள் பல நிகழினும், கதையின் உண்மையான போர்க்களம் மாந்தர் நெஞ்சமே என்க.

நியூசிலாந்து நாட்டு இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் இதனை மூன்று படங்களாக வெளியிட்டார். மூன்றாம் படம் 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. இவருக்கு முன்னரே ரால்ஃப் பக்ஷி 1978-இல் கதையின் முற்பகுதியை ஓவியப் படமாக்கியிருந்தார், பி.பி.சி. வானொலி 1981-இல் முழுக்கதையையும் நாடகமாக ஒலிபரப்பியது. அவ்வானொலி நாடகத்தில் ஃபிரோடோவாக நடித்த இயன் ஹோம் என்பவரே இருபது ஆண்டு கழித்துத் திரைப்படத்தில் ஃபிரோடோவின் உறவினனாகிய முதியவன் பில்போவாகத் தோன்றினார். பழைய அன்பர்க்கு இது ஒரு தனி இன்பம்.

ஒரு நூலினின்றும் பிறக்கும் பிறிதொரு நூலைப் பற்றித் தமிழ் இலக்கணிகள் எண்ணிப் பார்த்துள்ளனர். தொல்காப்பியர் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். நன்னூலாரோ, வழிநூல் முடிபில் முதனூலோடு ஒத்தல் வேண்டும் என்றும், பின்னோன் விரும்பும் விகற்பங்கள் இடம்பெறலாம் என்றும், மரபு மட்டும் அழிதல் கூடாது என்றும் வரையறுத்தார். இலக்கண நூல்களை நோக்கி எழுந்த இவ்விதியைத் திரைப்படத்திற்கு முழுதும் பொருத்துதல் மிகையாகும். ஆயினும் விகற்பம் வேறு, மரபழிவு வேறு என்னும் பாகுபாடு நமக்குப் பெரிதும் பயன்படும். டோல்கீன் அன்பர்கள் வாதிட்டது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையைப் பற்றியே.

முதலில் நீக்கத்தை நோக்குவோம். நூலின் முதற்றொகுதியில் டாம் பாம்படில் என்னும் விந்தை மனிதர் வருகிறார். காட்டின் தலைவராய், பாட்டும் கூத்துமாய் வாழும் அவரிடம் மோதிரத்தின் ஆற்றல் சிறிதும் செல்லாது. அவரைச் சார்ந்த பகுதி மூன்று இயல்கள் அளவினது. 1978-ஆம் ஆண்டுப் படமும், 1981-ஆம் ஆண்டு வானொலி நாடகமும், 2001-ஆம் ஆண்டுப் படமும் அவரை ஒருங்கே விடுத்தன. அன்பர்கள் வருந்தினர், ஆயின் பெரும்பாலோர் அமைந்தனர். கதையோட்டத்திற்கு அவர் இன்றியமையாதவர் அல்லர் என்று டோல்கீனே 1954-இல் ஒரு மடலில் எழுதியிருக்கிறார். விடப்பட்டவர் நூலில் தம் இயல்பு கெடாமல் அப்படியே இருக்கிறார். படம் அவரைத் தீண்டவில்லை.

இது பற்றி ஆசிரியரின் கருத்தையே அறியும் வாய்ப்பும் நமக்கு உண்டு. 1957-இல் அமெரிக்கர் சிலர் இக்கதையைப் படமாக்க முன்வந்து ஒரு திரைக்கதைச் சுருக்கத்தை அனுப்பினர். டோல்கீன் அதனை வரிவரியாகப் படித்து 1958-இல் எழுதிய நீண்ட மறுப்புரை, அவருடைய மடல்களின் தொகுப்பில் 1981-இல் அச்சாயிற்று. எழுத்தாளர் ஒருவர் தம் கதையின் திரைவடிவைப் பற்றி இத்துணை நுணுக்கமாக எழுதியது அரிது. அவர் சுருக்கத்திற்குப் பகைவர் அல்லர். சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்துப் பிறவற்றை விட்டுவிடுதல் அவருக்கு உடன்பாடே. எல்லாவற்றையும் நெருக்கித் திணித்து உச்சங்களை மழுங்கச் செய்வதையும், மாந்தரின் பண்பைத் திரிப்பதையும், வேண்டாத இடங்களிற் சண்டையைப் புகுத்துவதையுமே அவர் வெறுத்தார்.

அம்மடலில் ஒரு செய்தி வியப்பைத் தருவது. ஹார்ன்பர்க் கோட்டை முற்றுகையையும், என்டுகள் எனப்படும் மர மாந்தரின் எழுச்சியையும் போதிய அளவிற் காட்ட இடமில்லையாயின், கோட்டைப் போரையே விட்டுவிடலாம் என்கிறார் டோல்கீன். பின்னர் வரும் பெரும்போருக்கு முன்னால் மற்றொரு போரைக் காட்டினால் இரண்டும் ஒன்றுபோலாகிப் பெரியதன் சிறப்புக் குன்றும் என்பது அவர் காட்டும் காரணம். ஜாக்சனின் இரண்டாம் படத்திற்கோ அக்கோட்டைப் போரே உச்சமாய் அமைந்தது. நூலில் இல்லாத எல்ஃப் படையொன்றும் துணைக்கு வந்து நிற்கிறது. நூலன்பர்களிற் பலரும் அவ்விரவுக் காட்சியின் மாட்சியைப் புகழ்ந்தனர் என்பதையும் மறைத்தல் கூடாது. ஆசிரியர் நீக்கச் சொன்னதை அவருடைய அன்பர்கள் கொண்டாடினர். ஆகவே 'அன்பர்கள் ஆசிரியரின் காவலர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுதல் பொருந்தாது.

இனி, பொறுக்கப்படாத மாற்றத்திற்கு வருவோம். அது ஃபாராமிர் என்னும் வீரனைப் பற்றியது. அவனுடைய தமையன் போரோமிர் மோதிரத்தின்மேற் கொண்ட ஆசையால் ஃபிரோடோவைத் தாக்கி, பின்னர் வருந்தி உயிர்நீத்தவன். நூலில், காட்டிடையே ஃபிரோடோவும் அவன் தோழன் சாமும் ஃபாராமிரின் கையில் அகப்படுகின்றனர். மோதிரம் அவர்களிடம் இருப்பது சாமின் வாய்தவறி வெளிப்படுகிறது. படைவீரர் சூழ நிற்பவன் ஃபாராமிர். எடுத்துக்கொள்ள நினைத்தால் தடுப்பார் இல்லை. அவனோ அதனைத் தீண்டாது, உணவளித்து வழிகூறி அனுப்புகிறான். திரைப்படத்தில் அவன் அவர்களைச் சிறைசெய்து, மோதிரத்தைத் தந்தைக்குப் பரிசாக்க எண்ணி, ஓஸ்கிலியத் என்னும் பாழ்நகர் வரை இழுத்துச் செல்கிறான். அங்கே நிகழ்வன கண்டு மனம் மாறியே விடுவிக்கிறான். முடிவு இரண்டிலும் ஒன்றே. மோதிரம் அவனிடம் தங்கவில்லை, பயணம் தொடர்கிறது. நிகழ்ச்சிகளை மட்டும் எண்ணுவோர்க்கு இது ஒரு சிறு சுற்றுவழி. எனினும் இதனைப் போல் அன்பரை வருத்திய மாற்றங்கள் சிலவே.

திரைக்கதை ஆசிரியர்கள் தம் பக்கத்து நியாயத்தைக் கூறியுள்ளனர். எவரையும் கவரும் என்று முதற்படம் முழுவதும் அச்சுறுத்திய மோதிரத்தை ஒருவன் எளிதில் மறுத்துவிட்டால், அதன் ஆற்றலில் காண்போர்க்கு நம்பிக்கை குறையும் என்பது ஒன்று. ஷெலோப் என்னும் பெருஞ்சிலந்தியின் பகுதி மூன்றாம் படத்திற்குத் தள்ளப்பட்டமையால், ஃபிரோடோவின் பயணத்திற்கு இரண்டாம் படத்தில் வேறோர் உச்சம் தேவைப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டும் நாடக முறைக்கு ஒத்த காரணங்களே. நீட்டிக்கப்பெற்ற பதிப்பில், தந்தையின் பாராமுகத்தைக் காட்டும் காட்சியொன்று சேர்ந்தபின் ஃபாராமிரின் செயலுக்கு ஓரளவு விளக்கமும் கிடைத்தது.

ஆயினும் இழப்பு இழப்பே. டோல்கீன் கதையில் போரோமிரும் ஃபாராமிரும் ஒரே வயிற்றிற் பிறந்து, ஒரே சோதனைக்கு உட்பட்டு, வேறு வேறாக நடந்தவர். அறிவும் அடக்கமும் உள்ள மனிதன், தன் இயல்பினாலேயே தீமையை மறுக்க இயலும் என்பதற்கு அவ்விளையோன் ஒருவனே நூலிற் சான்று. அவன் மறுப்பு மோதிரத்தின் ஆற்றலைக் குறைப்பதன்று, மனிதனின் ஆற்றலை உயர்த்துவது. 1944-இல் இப்பாத்திரம் தாம் திட்டமிடாமலே கதைக்குள் நடந்து வந்ததாக ஆசிரியர் தம் மகனுக்கு எழுதினார். தம் மாந்தருள் தம்மை ஒத்தவன் யாரெனின் அவனே என்று பின்னொரு மடலிற் குறித்தார். திரையில் அவன் நல்லவனாக மாறுகிறான். நூலில் நல்லவனாக இருக்கிறான். இவ்வேறுபாட்டையே அன்பர்கள் உணர்ந்தனர். நிகழ்ச்சி கெட்டதற்கன்று, ஒரு நெஞ்சின் துணிவு கெட்டதற்கே வருந்தினர்.

இதே அளவுகோலைப் பிற வழக்குகளிலும் வைத்துப் பார்க்கலாம். முதற்படத்தில், காயமுற்ற ஃபிரோடோவைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடப்பவள் ஆர்வென் என்னும் எல்ஃப் மங்கை. நூலில் அவ்விடத்தில் வருபவன் குளோர்ஃபிண்டெல். ஒருவனுக்கு ஈடாக ஒருத்தி வந்ததே குற்றம் என்று ஆரவாரித்தவர் பலர். என் கருத்தில் அது குற்றமன்று. நூலின் பிற்சேர்க்கையிற் கிடந்த ஆர்வெனின் காதல் வரலாற்றைக் கதையின் உடலுக்குள் கொணர்ந்தது தக்க விகற்பமே. உண்மையான இழப்பு அருகிலேயே இருந்தும் பலர் கண்ணிற் படவில்லை. நூலில் ஃபிரோடோ தனியனாய்க் குதிரைமேல் ஆற்றைக் கடந்து, அக்கரையில் திரும்பி நின்று, நஞ்சேறிய உடலோடு ஒன்பது எதிரிகளையும் மறுத்துரைக்கிறான். படத்தில் அவன் உணர்விழந்த சுமை. வாளேந்தி மறுப்பவள் ஆர்வென்.

படம் முதனூலை வளப்படுத்திய இடமும் உண்டு. போரோமிரின் இறுதிப் போரை டோல்கீன் நேரே காட்டுவதில்லை. ஆரகார்ன் ஓடிவந்து சேரும்போது போர் முடிந்துவிடுகிறது. ஜாக்சன் அதனை முழுதும் காட்டி, இறக்குந் தறுவாயில் அவன் ஆரகார்னைத் தன் அரசனாக ஏற்கும் சொற்களையும் சேர்த்தார். சொல் புதிது, மனம் நூலில் உள்ளதே. இதனைக் குறைகூறிய அன்பர் மிகச் சிலர்.

ஹாபிட்டுகள் ஊர் திரும்பியபின் நிகழும் இறுதிப் போராட்டம் படத்தில் முற்றும் விடப்பட்டது. அப்பகுதி தொடக்க முதலே கருதப்பட்டதும் இன்றியமையாததுமாகும் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் வற்புறுத்தியிருத்தலின், இதனைப் பாம்படிலின் நீக்கத்தோடு ஒப்பவைத்தல் இயலாது. சென்றவர் ஊர் கெடாமல் இருக்கத் திரும்புவது ஒரு கதை. ஊரும் கெட்டிருக்கத் திரும்புவது வேறொரு கதை.

கதைப்பின்னல் பற்றி அன்பர்கள் குறைவாகவே பேசினர். ஆராய்ச்சியாளரே மிகுதியும் பேசினர். நூலில் ஃபிரோடோவின் பயணமும் பிறர் போர்களும் தனித்தனிப் பகுதிகளாய் நிற்கின்றன. ஃபிரோடோ பகைவரிடம் சிறைப்பட்ட நிலையில் அவன் பகுதி நின்றுவிடுகிறது. அதன்பின் நெடுந்தொலைவு அவனைப் பற்றிய செய்தி ஒன்றும் இல்லை. பகைவனின் தூதன் வாயில் முன் வந்து ஃபிரோடோவின் கவசத்தை எடுத்துக் காட்டும்போது, கதைமாந்தர் அடையும் திகைப்பை வாசகனும் அடைகிறான். படமோ இரு நிகழ்ச்சிகளையும் மாறிமாறிக் காட்டிச் செல்கிறது. நீட்டிக்கப்பெற்ற பதிப்பில் அத்தூதன் வருகிறான். ஆனால் ஃபிரோடோ மீட்கப்பட்டதைக் காண்போர் முன்னரே அறிவர். அறியாமையிலும் நம்பிக்கை இழவாமை என்பது இந்நூலின் உயிர்நிலைகளுள் ஒன்று. அது இங்கே காட்சியாய் மட்டும் எஞ்சிற்று.

ஆசிரியரின் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் 2012-இல் பிரெஞ்சு நாளிதழ் 'லெ மோந்த்'துக்கு அளித்த நேர்காணலில், படங்கள் நூலை இளைஞர்க்கான சண்டைக் கதையாக்கிவிட்டன என்று கடிந்தார். 2020-இல் மறையும்வரை தந்தையின் கையெழுத்துப் படிகளைப் பதிப்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். அவர் துயரம் மதிக்கத்தக்கது. எனினும் அத்தீர்ப்பு முழுதும் நேரியதென்று கொள்ளுதல் அரிது. ஆலன் லீ, ஜான் ஹோவ் என்னும் ஓவியர்கள் நூலுக்கென முன்பே தீட்டிய உலகத்தையே படத்திற்கும் அமைத்துத் தந்தனர். அதனைக் கண்டு நூலைத் தேடிச் சென்ற புதிய வாசகர் பலர். 2012 முதல் 2014 வரை 'தி ஹாபிட்' என்னும் சிறு நூல் மூன்று நெடும்படங்களாக விரிக்கப்பட்டபோதுதான் அவர் கூற்று மிகுதியும் பொருந்துவதாயிற்று. சிலர் அம்மூன்றையும் வெட்டி ஒட்டி ஒரே படமாக்கிப் பார்த்தனர். விரித்தல் என்னும் வகை எப்போதும் வளம் ஆகாது.

நன்னூலார் கூறும் 'முடிபு' ஒன்று எஞ்சி நிற்கிறது. எரிமலையின் வாயிலில் ஃபிரோடோ மோதிரத்தை எறியவில்லை, தனதென்று அணிந்துகொள்கிறான். அவனைப் பின்தொடர்ந்து வந்த கொல்லம் என்னும் இழிந்த உயிர் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, களிப்பிற் கால் தவறி நெருப்பில் வீழ்கிறது. கதை முழுவதும் பலர் அவ்வுயிரைக் கொல்லாது இரங்கி விட்டனர். அவ்விரக்கமே இங்கு உலகைக் காத்தது. ஃபிரோடோவின் வலிமையால் இயலாததை அவன் முன்னர்ச் செய்த இரக்கம் முடித்தது என்பதை ஆசிரியர் தம் மடல்களில் மீண்டும் மீண்டும் விளக்கினார். படத்தில், விரலிழந்த ஃபிரோடோ எழுந்து கொல்லத்தோடு மல்லாடுகிறான். அம்மல்லாட்டத்தில் இருவரும் விளிம்பைக் கடக்க, கொல்லம் மோதிரத்தோடு வீழ்கிறது. ஃபிரோடோவைச் சாம் கைகொடுத்துத் தூக்குகிறான். ஃபிரோடோ வேண்டுமென்றே தள்ளிவிடுவதாகவே முதலிற் படமாக்கியதாகவும், அது கொலையாகத் தோன்றியமையின் மாற்றியதாகவும் படக்குழுவினர் கூறியுள்ளனர். கொல்லத்தைக் கொல்லாமை பற்றிக் காண்டால்ஃப் முதற்படத்தில் சுரங்கத்து இருளில் அமர்ந்து சொல்லும் சொற்களை அவர்கள் நூலிலிருந்து எடுத்துப் பேணியே வைத்திருந்தனர். அவ்விதை முளைத்த இடத்தில், காண்போர் கண்ணுக்கு இரண்டு கைகளின் இழுபறியே முன்னிற்கிறது.