பல்லிக்கூடமும் பள்ளிக்கூடமும்: ஸ்பெல்லிங்கை விளையாட்டாகப் பழக்குவது எப்படி?

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்திருந்தது. அனுப்பினவங்க காலேஜ் படிக்கிற ஒரு சித்தி. அக்கா பொண்ணு மூணாம் வகுப்பு. சொல்வதெழுதல்ல இருபதுக்கு ஆறு. இப்போ தமிழ் டெஸ்ட் இருக்கிற நாள்ல மட்டும் அந்தப் பொண்ணுக்கு வயிறு வலிக்குதாம். "விளையாட்டு மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தாங்க.

இந்த எபிசோட் முழுக்க அதுக்கான பதில்தான். நான் டீச்சர் இல்லை. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் எங்க அப்பார்ட்மென்ட் பசங்க ஏழெட்டுப் பேரை மொட்டை மாடியில உட்கார வச்சு இதையெல்லாம் செஞ்சு பார்த்துட்டு வர்றேன். எது வேலை செய்யுது, எது சும்மா கலர் பென்சிலைத் தீர்க்குதுன்னு ஓரளவுக்குச் சொல்ல முடியும்.

முதல்ல ஒரு விஷயம். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்குன்னு இணையத்துல கொட்டிக் கிடக்கிற ஐடியாக்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தா பாதி வீணாப் போகும். இங்கிலீஷ்ல எந்த எழுத்து வேணும்னாலும் ஏமாத்தும். சத்தமே இல்லாம ஒரு எழுத்து நடுவுல உட்கார்ந்திருக்கும். தமிழ் அப்படி இல்லை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம்னு 247 எழுத்து இருந்தாலும், குழந்தை தடுக்கி விழுற இடம் ரொம்பக் கொஞ்சம். ல-ள-ழ. ந-ன-ண. ர-ற. அப்புறம் குறில் நெடில், எ-ஏ, ஒ-ஓ கொம்பு விவகாரம். கடைசியா, நாம பேசுறதுக்கும் எழுதுறதுக்கும் இருக்கிற தூரம். அவ்வளவுதான். வல்லெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாதுங்கிறது பெரியவங்களுக்கே தகராறு. அதை மூணாம் வகுப்புப் பிள்ளை தலையில இப்பவே கட்ட வேண்டாம்.

அப்போ ஒரு சொல்லில் குழந்தை யோசிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து. 'பள்ளி'யில் ப-வுக்குக் குழப்பமே கிடையாது. குழப்பம் ள்ளி-யில்தான். நான் எந்த விளையாட்டைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இதுல அந்தச் சந்தேக எழுத்தைக் குழந்தை தன் ஞாபகத்துல இருந்து எடுத்து முடிவு பண்ணுதா, இல்லை பார்த்து எழுதுதா?

இந்தக் கேள்வியை வச்சுப் பார்த்தா முதல்ல அடிபடுறது இம்போசிஷன். பத்துத் தடவை எழுதச் சொன்னா பசங்க எப்படி எழுதுறாங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. மேலேர்ந்து கீழே வரிசையா பத்து 'ப'. அப்புறம் பத்து 'ள்'. அப்புறம் பத்து 'ளி'. ரொம்பப் புத்திசாலித்தனமான வேலை, நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனா 'பள்ளி'ங்கிற சொல் அந்தப் பத்து வரியில ஒரு தடவைகூட மனசுக்குள்ள வரலை.

இன்னொண்ணு, தட்டுல அரிசி பரப்பி எழுதுறது, கோலமாவுல எழுதுறது, தோசைக் கல்லுல மாவால எழுதுறது. அழகா இருக்கும், போட்டோவும் நல்லா வரும். எழுத்து வடிவம் கைக்குப் பழகாத அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இது நிஜமாவே உதவும், முக்கியமா ழ-வோட அந்தக் கீழ்ச்சுழிக்கு. எட்டு வயசுக்குப் பார்த்து எழுதுற வேலையை மாவுல செய்யச் சொன்னா அது மாவுல எழுதின இம்போசிஷன். (தோசையில எழுதி, திருப்பிப் போட்டா எழுத்தும் திரும்பிடும். அதை வச்சு கண்ணாடி எழுத்து விளையாடலாம், அது வேற கதை.)

சரி, எங்க மாடியில அதிகமா ஓடுற விளையாட்டு மூணு கிண்ணம். ஒண்ணுல ல, ஒண்ணுல ள, ஒண்ணுல ழ எழுதி ஒட்டணும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சின்னதா வெட்டி, பசங்களையே படம் வரையச் சொல்லணும். எலி, கிளி, மழை, பல்லி, பள்ளிக்கூடம், வாழைப்பழம், தேள், புலி, புளி. முன்பக்கம் படம் மட்டும். சொல் பின்பக்கம். படத்தைப் பார்த்து, சொல்லிட்டு, எந்தக் கிண்ணம்னு போடணும். போட்ட பிறகுதான் திருப்பிப் பார்க்கணும். தப்பா விழுந்த அட்டை மறுபடி கட்டுக்குள்ள போகும். ரெண்டு நாள் கழிச்சு அதே கட்டை மறுபடி எடுங்க. அன்னைக்குச் சரியாப் போட்டதே ரெண்டு நாள்ல மறந்திருக்கும். அந்த மறதியைத் தாண்டி மறுபடி நினைவுக்குக் கொண்டு வர்றதுதான் பயிற்சி. ஒரே நாள்ல ஒரு மணி நேரம் உட்கார்றதைவிட, நாலு நாள் பத்துப் பத்து நிமிஷம் நல்லது.

படம் ஏன் முக்கியம்னு கேட்கலாம். சொல்லை வாயால சொன்னா போதாதா? போதாது, ஏன்னா நம்ம வீடுகள்ல அந்தச் சத்தமே இல்லை. பழத்தை 'பளம்'னு சொல்ற வீடு இருக்கு, 'பலம்'னு சொல்ற வீடு இருக்கு, சென்னையில 'பயம்'னு சொல்றவங்களும் இருக்காங்க. ர-ற வித்தியாசம் பெரும்பாலான தமிழ்நாட்டுப் பேச்சுல மறைஞ்சே போச்சு. காதுல விழாத வித்தியாசத்தை "நல்லாக் கேட்டு எழுது"ன்னு சொல்றது அநியாயம். அதனால எழுத்தை அர்த்தத்தோட கட்டணும். கரி அடுப்புக்கு, கறி தட்டுக்கு. பனி குளிருக்கு, பணி ஆபீஸுக்கு. மணம் மூக்குக்கு, மனம் உள்ளுக்குள்ள.

இதுக்கு ஒரு நல்ல வேலை, ஜோடிச் சொற்களை ஒரே படத்துல அடைக்கச் சொல்றது. "புலி புளி தின்னுட்டுப் பல் கூசி நிக்குது." "பள்ளியில பல்லி பாடம் நடத்துது." "வாழை இலையில வாளை மீன்." எவ்வளவு அபத்தமா இருக்கோ அவ்வளவு நல்லது. படத்துக்குக் கீழே அந்த வரியைப் பார்க்காம எழுதணும். ஒரு பையன் 'பல்லிக்கூடம்'னு பரீட்சையில எழுதிட்டு வந்திருந்தான். அவனையே அந்தப் பல்லிக்கூடத்தை வரையச் சொன்னேன். சுவர் முழுக்கப் பல்லி, கரும்பலகையில ஒரு பல்லி, வாசல்ல வாட்ச்மேன் பல்லி. அதுக்கப்புறம் அந்த ள்ளி தப்பலை.

ந-ன-ண-வுக்கு வேற வழி. பள்ளிக்கூடத்துல 'ரெண்டு சுழி ன, மூணு சுழி ண'ன்னு சொல்லித் தர்றாங்க. அது வடிவத்தைச் சொல்லுதே தவிர எங்கே எது வரும்னு சொல்லலை. பழைய பேரு சொல்லுது: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ண் வந்தா பின்னாடி ட வரும்: வண்டி, நண்டு. ன் வந்தா பின்னாடி ற: கன்று, நன்றி. ந் வந்தா பின்னாடி த: பந்து, சந்தை. விடை பேருக்குள்ளயே இருக்கு! இதை நாங்க மாடியில பாண்டிக் கட்டம் போட்டு ஆடுறோம். கட்டத்துல ட, ற, த. நான் "வ... டி"ன்னு நடு எழுத்தை முழுங்கிச் சொல்வேன். குழந்தை சரியான கட்டத்துக்குக் குதிச்சுக்கிட்டே விடுபட்ட எழுத்தைக் கத்தணும். கூடவே இன்னொரு ரகசியம் சொல்லிடுங்க: ண, ன, ள, ழ, ற இந்த அஞ்சும் தமிழ்ச் சொல்லுக்கு முதல் எழுத்தா வரவே வராது. அதனால சொல்லோட தொடக்கத்துல எப்பவும் ந-தான். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடிச்சது, வீட்டுத் தமிழ்-புத்தகத் தமிழ். 'காத்து'ன்னு பேசுறோம், 'காற்று'ன்னு எழுதுறோம். நேத்து-நேற்று, வெத்தல-வெற்றிலை, மூணு-மூன்று, அஞ்சு-ஐந்து. பசங்க 'காத்து'ன்னு எழுதினா அது கவனக்குறைவு இல்லை, கேட்டதை நேர்மையா எழுதியிருக்காங்க. ஒருத்தர் வீட்டுத் தமிழ்ல சொல்லணும், இன்னொருத்தர் அதைப் புத்தகத் தமிழா மாத்தி எழுதணும். ஆனா பத்து, முத்து, கத்தி எல்லாம் மாறாது. அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? துப்பறியணும். 'ஆத்துல' குளிச்சான்னா, ஆத்துக்குப் பின்னாடி யாரு இருக்கா? ஆறு. று இருக்கு, அதனால ஆற்றில். கிணத்துல? கிணறு, கிணற்றில். சோத்துல? சோறு, சோற்றில். எல்லாச் சொல்லுக்கும் இது ஓடாது. ஓடுற இடத்துல பசங்க முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க.

இதையே பெருசாக்கினா சொல் குடும்ப மரம். வேர்ல 'அறி'ன்னு எழுதுங்க. கிளையில அறிவு, அறிஞர், அறிவியல், அறிவிப்பு. ஒரு ற-வைக் கத்துக்கிட்டா நாலு சொல் இலவசம். வாழ்-வாழ்வு-வாழ்த்து-வாழ்க்கை. எழுது-எழுத்து-எழுத்தாளர். சார்ட் பேப்பர்ல வரைஞ்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டலாம். ஆனா ஒட்டினதோட விட்டா அது அலங்காரம். ரெண்டு நாள் கழிச்சு ஒரு கிளையை ஸ்டிக்கி நோட்டால மூடிட்டு, "இங்கே யாரு இருந்தா?"ன்னு கேட்டு எழுத வைக்கணும்.

வெளியே போகும்போது ஆட ஒண்ணு சொல்றேன். கடற்கரை-தாம்பரம் லோக்கல் ட்ரெயின்ல குழந்தையோட போறீங்களா? ஏறுறதுக்கு முன்னாடியே 'எழுத்து வேட்டை' ஆரம்பிங்க. 'கடற்கரை'யிலேயே ற்-உம் இருக்கு, ர-வும் இருக்கு. ழ எந்தெந்த ஸ்டேஷன்ல வருது? எழும்பூர், பழவந்தாங்கல். ள? தாம்பரம் வரைக்கும் ஒரு ஸ்டேஷன் பேர்லயும் ள கிடையாது, பசங்க கடைசி வரைக்கும் ஜன்னல் பக்கமே உட்கார்ந்து தேடுவாங்க. வேளச்சேரி போற பறக்கும் ரயில்ல தேடினா மந்தைவெளியில கிடைக்கும். இது பார்த்துப் படிக்கிற விளையாட்டுதானேன்னு கேட்பீங்க. ஆமா. அதனால வீட்டுக்கு வந்ததும் போர்டு இல்லாம ஸ்டேஷன் பேர்களை வரிசையா எழுதச் சொல்லணும். அப்போதான் கணக்கு முழுசாகும்.

ஃபோனை வச்சும் ஆடலாம். நாம வாட்ஸ்அப்ல இங்கிலீஷ் எழுத்துல தமிழ் டைப் பண்றோம் இல்லையா? அதுல ழ-வுக்காவது 'இசட் எச்' போடுறோம். ல-வுக்கும் ள-வுக்கும் ஒரே எழுத்து, மூணு ந-வுக்கும் ஒரே எழுத்து, ரெண்டு ர-வுக்கும் ஒரே எழுத்து. அதாவது நம்ம தலைமுறை இந்த முடிவை எடுக்கிறதையே விட்டுட்டோம். தமிழ் கீபோர்டுல ஆங்கில எழுத்தால 'புலி'ன்னு அடிச்சா மேல புலி, புளின்னு பரிந்துரை வரும். "காட்டுல இருக்கிறது எது?"ன்னு குழந்தையைத் தட்டச் சொல்லுங்க. அந்தக் குடும்ப குரூப்புல தாத்தாவுக்குப் போற மெசேஜை அவங்களே இப்படி அனுப்பட்டும். நிஜமா ஒருத்தர் படிக்கப் போறார்னா கவனம் வேற மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்க தப்புத் தப்பா எழுதி, குழந்தை டீச்சரா மாறி சிவப்புப் பேனாவால திருத்துற விளையாட்டு பசங்களுக்கு உயிர். ஆனா புதுச் சொல்லுக்கு அதைச் செய்யாதீங்க, தப்பு வடிவமே கண்ணுல தங்கிடும். ஏற்கெனவே பாதி தெரிஞ்ச சொற்களுக்கு மட்டும், "இதுல மூணு தப்பு இருக்கு"ன்னு எண்ணிக்கையைச் சொல்லிட்டு ஆடுங்க.

மார்க் விஷயத்துக்கு, அந்தச் சித்திக்கு ஒண்ணு. 'வாழைப்பழம்'ங்கிற சொல்லை 'வாளைப்பழம்'னு எழுதினா பள்ளிக்கூடத்துல முழுச் சொல்லும் தப்பு, பெரிய சிவப்புக் கோடு. வீட்டுல நீங்க அப்படிப் போடாதீங்க. எழுதினதுல சரியான எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிக், ள-வுக்கு மட்டும் ஒரு சின்ன வட்டம். ஆறு எழுத்துல அஞ்சு சரி. சொல்லுக்கு முட்டை மார்க் வாங்கின குழந்தை "எனக்குத் தமிழ் வராது"ன்னு நினைக்கும். வட்டத்தைப் பார்க்கிற குழந்தை "இந்த ழ-தான் வரலை"ன்னு நினைக்கும். ஆறு மார்க் வாங்கின அந்தப் பேப்பரை இன்னைக்கு ராத்திரி எடுத்து இப்படித் திருத்திப் பாருங்க. வட்டம் போட்ட எழுத்துகள்ல எது அதிகமோ, அதுலேர்ந்து அஞ்சு சொல் எடுத்து இந்த வாரத்துக்கான அட்டை வெட்டுங்க. எத்தனை கிண்ணம் தேவைப்பட்டதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.