மனு முடிந்துவிட்டது; குறை தீர்ந்ததா?



கல்வி உதவி, மருத்துவ உதவிக்கு அடுத்தபடியாக நமது அறக்கட்டளையின் உதவி மேசைக்கு அதிகம் வருவது நகராட்சி சம்பந்தமான குறைகள்தாம். சாக்கடை அடைப்பு, குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வரி என்று வருகிறார்கள். "எத்தனையோ தடவை சொல்லியாச்சு பாய், ஒண்ணும் நடக்கலே" என்பதுதான் எல்லோருடைய முதல் வார்த்தை. யாரிடம் சொன்னீர்கள், எந்தத் தேதியில், எழுத்திலா வாயாலா என்று கேட்டால், கவுன்சிலரிடம் தெருவில் பார்த்துச் சொன்னோம், தண்ணீர் திறந்துவிட வருபவரிடம் சொன்னோம் என்பார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் அலுவலகக் கணக்கில் இவற்றில் ஒன்றுகூடப் புகார் ஆகாது. எண்ணும் தேதியும் உள்ள காகிதம்தான் அங்கே புகார்.

அந்தக் காகிதம் உள்ளே போனபின் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதை எப்படி எழுத வேண்டும் என்பது தானாகவே விளங்கும். தபால் பிரிவில் மனு பதிவாகிறது. ஆணையர் பார்வைக்குப் போய், விஷயத்துக்கேற்ப பொறியியல், சுகாதாரம், வருவாய், நகரமைப்பு என ஏதோ ஒரு பிரிவுக்கு அனுப்பப்படுகிறது. பேரூராட்சியானால் ஆணையர் இடத்தில் செயல் அலுவலர். பிரிவில் ஒருவர், பெரும்பாலும் உதவிப் பொறியாளரோ துப்புரவு ஆய்வாளரோ, இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அந்த அறிக்கையின் பேரில் மனுதாரருக்குப் பதில் போகிறது, மனு முடித்து வைக்கப்படுகிறது. விசாரணை என்று நாம் நினைப்பதெல்லாம், பல நேரங்களில் ஒரு அலுவலர் ஒரு முறை வந்து பார்ப்பதுதான். அவர் கையில் இருப்பது நமது மனு. அதில் இல்லாததை அவர் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு தெருவில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் தெருவும் வேண்டாம். பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள குறுகலான சந்து. ஒன்றுவிட்டு ஒருநாள் குடிநீர் வரும். முதல் பத்து நிமிடம் மஞ்சளாக, நாற்றத்தோடு வரும். இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. உளூச் செய்யவே மனம் கூசுகிறது என்றார் ஒரு பெரியவர். தெருவாசிகள் கூடிப் பேசி, நிறையக் கையெழுத்துகளோடு ஒரு மகஜர் கொடுத்தார்கள். அதில் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குப்பைத் தொட்டி, கடைசியாகக் குடிநீர். மூன்று வாரத்தில் பதில் வந்தது: மின்விளக்குகள் சரிசெய்யப்பட்டுள்ளன, மனு முடிவு செய்யப்பட்டது. பொய்யில்லை. விளக்கு எரிந்தது.

அதன் பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். இரண்டாவது மனுவில் தண்ணீர் ஒன்று மட்டுமே எழுதப்பட்டது. எந்தெந்தக் கதவு எண் வீடுகளில் நாற்றம், எந்த நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது, எத்தனை நிமிடம் கலங்கி வருகிறது, குழாய் எந்த இடத்தில் சாக்கடைக்குள் போகிறது என்று வரிசையாகச் சொல்லி, படங்களும் மருத்துவச் சீட்டின் நகலும் வைத்தோம். கேட்டது மூன்றே மூன்று: தண்ணீர் வரும் நேரத்தில் வந்து கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் சோதனை செய்யுங்கள், மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், சாக்கடையைக் கடக்கும் இடத்தில் தோண்டிப் பாருங்கள்.

குளோரின் சோதனை ஏன் என்று சிலர் கேட்டார்கள். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். தொட்டியில் சரியாக மருந்து கலந்திருந்தும் கடைசி வீட்டில் அது இல்லை என்றால், வழியில் ஏதோ கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். தண்ணீர் நிற்கும் நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும். அப்போது சிறு ஓட்டை இருந்தாலும் வெளியே தேங்கிய கழிவு உள்ளே இழுக்கப்படும். மறுநாள் திறந்ததும் முதலில் வருவது அதுதான். முதல் பத்து நிமிடம் என்று மனுவில் எழுதியதன் காரணம் இது.

பொறியாளர் விடிகாலையில் தண்ணீர் விடும் நேரத்துக்கே வந்தார். கடைசி வீட்டில் குளோரின் நிறமே காட்டவில்லை. தோண்டியதில், வீட்டு இணைப்புக் குழாய்கள் இரண்டு சாக்கடைக்குள்ளேயே ஓடுவதும், அதில் ஒன்று துருப்பிடித்து ஓட்டையாகியிருப்பதும் தெரிந்தது. மாற்றி, மேலே தூக்கிப் போட்டார்கள். அதுவரை லாரித் தண்ணீர். மனு கொடுத்து முடிய ஐந்து வாரம் ஆனது. அல்ஹம்துலில்லாஹ்.

சாக்கடை மட்டும் இன்னும் வழிகிறது. அதில் நகராட்சி மீது மட்டும் கோபப்பட முடியாது. பழுதுபார்ப்பு வேறு, புதிய வேலை வேறு. ஓட்டைக் குழாயை மாற்ற அலுவலரின் உத்தரவு போதும். புதிய கால்வாய்க்கு மதிப்பீடு, நிதி, மன்றத் தீர்மானம், டெண்டர் எல்லாம் வேண்டும். அங்கேதான் கவுன்சிலர் தேவைப்படுகிறார். நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை. கிராமங்களில் கிராம சபை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மஹல்லாக்களிலிருந்து அங்கே போகிறவர்கள் குறைவு என்பது எங்கள் வருத்தம். பெண்கள் போவது அதிலும் குறைவு. குடம் தூக்குவது அவர்கள்தானே!

வேறு இலாகாவின் வேலையை நகராட்சியிடம் கேட்டு மாதங்களைத் தொலைப்பவர்களும் உண்டு. தெருவிளக்கு நகராட்சியுடையது, மின்கம்பி அறுந்தால் மின்வாரியம். ஊர் நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சி அல்ல, குடிநீர் வாரியம்.

மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு அல்லது காரணத்தோடு பதில் தர வேண்டும் என்று அரசாணைகளே உள்ளன. ஒரு மாதம் கடந்தால், அல்லது 'முடிக்கப்பட்டது' என்று பதில் வந்தும் குறை அப்படியே இருந்தால், பழைய மனுவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு மேலே போகலாம். முதல்வரின் உதவி மையம் 1100. திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். சென்னை மாநகராட்சிக்கு 1913. ஒன்றை மறக்க வேண்டாம்: ஆட்சியரிடம் கொடுத்த மனுவும் கடைசியில் அதே நகராட்சிக்கு, அநேகமாக அதே பொறியாளரிடம் வந்து சேரும். ஆகவே மேலே போகும் மனுவில் புதிதாக ஒன்று இருக்க வேண்டும். 'முடித்ததாகச் சொன்ன தேதிக்குப் பின் எடுத்த படம் இது' என்ற ஒரு வரி, பத்துப் பக்கப் புலம்பலைவிடப் பலமானது.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பிரிவு 6(1)இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். பலர் இதில் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டுவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம்; விளக்கம் அல்ல. எனவே இப்படிக் கேளுங்கள்: எனது இன்ன எண் மனு எந்தெந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவருக்கு அனுப்பப்பட்டது, இடத்தைப் பார்வையிட்ட அறிக்கையின் நகல், மனுவை முடிக்க உத்தரவிட்ட குறிப்பின் நகல். பார்வையிடாமலே எழுதிய அறிக்கையானால், அந்தப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

லஞ்சம், முறைகேடு என்றால் பாதை வேறு. உள்ளாட்சிகளுக்கென்றே 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த முறைமன்ற நடுவம் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதானால் லஞ்ச ஒழிப்புத் துறை. சாக்கடை மனுவில் ஆதாரமில்லாமல் 'காசு வாங்கிக்கொண்டார்கள்' என்று ஒரு வரி சேர்ப்பதை நாங்கள் தடுத்துவிடுவோம். ஒருவர் மீது அவதூறு சொல்வது பாவம். மனுவும் திசை மாறிப் போகும்.

பெயர் போட்டால் பகை வருமே என்று தயங்கும் சகோதரிகள், குறிப்பாக வாடகை வீட்டில் இருப்பவர்கள், நிறைய. பெயரில்லாத மனு குப்பைக்கூடைக்குப் போகும் என்பதால் யாராவது ஒருவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும். அப்படிப்பட்ட தெருக்களில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திடட்டும். அலுவலகத்துக்கு எங்களில் ஒருவர் கூட வருவார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். தெருவுக்காக ஒரு கையெழுத்துப் போட அஞ்ச வேண்டாம்.

உதவி மேசை ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அறக்கட்டளை அலுவலகத்தில் இயங்கும். வரும்போது பழைய மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு அல்லது பதிவுத் தபால் ரசீது, கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். இவை எதுவும் இல்லாதவர்களும் வரலாம். அவர்களுக்கு முதல் மனுவிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.