ஏரி நிறைவும் வெள்ளக் காப்பும்

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள நாடுகள் இருவகை முயற்சிகளை மேற்கொள்கின்றன. வெப்பமூட்டும் வாயுக்களைக் குறைப்பது ஒன்று. தவிர்க்க இயலாத மாற்றத்திற்கு ஏற்பத் தம்மைத் தகவமைத்துக் கொள்வது மற்றொன்று. முன்னதன் பயன் உலகனைத்திற்கும் உரியது. பின்னதன் பயன் பணி நடைபெறும் இடத்திலேயே கிட்டுவது. ஆகவே அது இடத்திற்கேற்ப வேறுபடும். 1953ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் நெதர்லாந்து கடலைத் தடுக்கும் அணைகளை எழுப்பியது; பிற்காலத்தில் ஆறுகள் பரவ இடம் விடுவதையும் கொள்கையாக ஏற்றது. 1970ஆம் ஆண்டுப் புயலில் பல லட்சம் உயிர்களை இழந்த வங்கதேசம், முன்னெச்சரிக்கைக்கும் புயல் காப்பிடங்களுக்கும் முதன்மை தந்தது. வறட்சிக்குப் பெயர்பெற்ற ராயலசீமைக்குப் பொருந்துவது யாது?

2021 நவம்பர் 19ஆம் நாள் அதிகாலை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதையொட்டிய பெருமழையில் திருப்பதி நகரம் வெள்ளக்காடாயிற்று. சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. அன்றைய கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து உயிர்ச்சேதம் விளைந்தது. ஓரிரு நாட்களில் திருப்பதிக்கு அருகிலுள்ள பழமையான ராயல செருவு ஏரியின் கரையில் கசிவு கண்டது. கீழ்ப்புறச் சிற்றூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணல் மூட்டைகளால் கரை காக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் தெளிவானது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். எனவே குறுகிய நேரத்தில் பெருமழை பெய்யும் வாய்ப்பு கூடுகிறது. பழைய கலிங்குகளோ முற்கால மழையைக் கருதி அமைந்தவை. ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரும் இடங்களில், மேலுள்ள ஒன்று உடைந்தால் அதன் நீர் முழுதும் கீழுள்ளதைத் தாக்கும்.

நம் நாட்டில் இதற்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் திட்டம் வகுக்கப் பணிக்கிறது. 2008ஆம் ஆண்டின் தேசியச் செயல்திட்டத்தில் நீருக்கெனத் தனி இயக்கம் உண்டு. ஆயினும் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுக்கும் மட்டுமே உரியது. தாழ்ந்த கரைகளையுடைய சிற்றேரிகள் அதன் வரம்பில் அடங்கா. அவற்றைக் காக்கும் பொறுப்பு மாநிலத்தையும் மாவட்டத்தையும் சாரும்.

இங்கு எழும் சிக்கல் பொறியியல் சார்ந்தது மட்டுமன்று. வறண்ட நிலத்தின் உழவர் ஏரி நிறைவதையே விரும்புவர். அடுத்த பருவத்து விளைச்சல் அதில் அடங்கியுள்ளது. வெள்ளத்தைத் தாங்கவோ ஏரியில் வெற்றிடம் வேண்டும். முன்கூட்டி நீரைத் திறந்தால் இழப்பு ஆயக்கட்டு உழவருக்கு. பாதுகாப்பு கீழ்ப்புற ஊராருக்கு. எதிர்பார்த்த மழை பொய்த்துவிட்டால் அவ்விழப்பை ஈடுசெய்வார் யார்? இவ்வினாவிற்கு விடை இல்லாதவரை, மதகைத் திறக்க ஆணையிடும் அலுவலர் தயங்கவே செய்வார்.

எனவே ஒவ்வோர் ஏரிக்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மூன்று முடிவுகள் எழுத்தில் வேண்டும்: எந்த நீர்மட்டத்தில் திறப்பது, யார் ஆணையிடுவது, உழவரின் இழப்பை எந்நிதியிலிருந்து ஈடுசெய்வது. கலிங்கை விரிவாக்குதலும் வரத்துக்கால்களில் ஆக்கிரமிப்பை அகற்றுதலும் இவற்றுடன் இணைய வேண்டும். கடப்பைப் பகுதியின் பொருமாமில்லா ஏரியில் 1369ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல்வெட்டு, நல்லேரிக்குரிய உறுப்புகளையும் தவிர்க்க வேண்டிய குற்றங்களையும் முறையாக வரிசைப்படுத்துகிறது. ஏரியின் குறைகளை முன்னரே எண்ணிப் பார்த்த அம்மரபு, இன்றைய மாவட்டத் திட்டங்களிலும் இடம்பெறுதல் வேண்டும்.