குடிநீர்க் குழாயும் குடும்ப நலமும்



"பிள்ளைக்கு வயித்தால போச்சு. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க, நின்னுச்சு. பத்து நாள்ல மறுபடியும் போகுது" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. மருந்தில் குறையில்லை. கசியும் குழாய் சாக்கடையை ஒட்டிப் போனால் டாக்டர் என்ன செய்வார்?

குழாயை எங்கே பதிப்பது, சாக்கடையை எப்படி விடுவது என்று முடிவு செய்வது ஆஸ்பத்திரி அல்ல. பஞ்சாயத்தும் மற்ற இலாகாக்களும்தான். அந்த முடிவுகளிலும் மக்களின் உடல்நலத்தை எண்ணிப் பார்க்கும்படி சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்கு அப்படி ஒரு சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. அன்று சென்னை மாகாணத்தில் இயற்றிய அச்சட்டம், இன்று தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் அமலில் உள்ளது. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், கொசு ஒழிப்பு, திருவிழாக் கூட்டம், தாய் சேய் நலம் ஆகியவற்றில் உள்ளாட்சி மன்றங்களுக்கு அது பொறுப்பு வைத்திருக்கிறது. இன்னின்ன செய்யுங்கள் என்று பொது சுகாதார இயக்குநர் அவற்றுக்குப் பரிந்துரைக்கலாம். பணமில்லை என்றோ, கருத்து வேற்றுமையாலோ காரியம் தடைப்பட்டால் விஷயம் அரசுக்குப் போகும். அரசின் முடிவே இறுதியானது.

தாய்லாந்தில் 2007-ல் வந்த தேசிய சுகாதாரச் சட்டம் மக்களையே முன்னே நிறுத்துகிறது. அரசுக் கொள்கை ஒன்றினால் தங்கள் உடல்நலம் என்ன ஆகும் என்று மதிப்பிடும்படி கேட்கவும், அந்த மதிப்பீட்டில் கலந்துகொள்ளவும் அங்கே குடிமக்களுக்கு உரிமை உண்டு.

"இதுக்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். பெற்ற பிள்ளை பிழைத்து வளரும் என்ற தைரியம் இருந்தால்தான் அளவான குடும்பம் போதும் என்று மனம் துணியும். அந்தத் தைரியத்தில் நல்ல தண்ணீருக்கும் பங்கு உண்டு.

ஆகவே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்போது இருவரும் போங்கள். வீட்டுக்காரர் மட்டும் போனால் போதாது. தண்ணீர் பிடிக்கும் தாய்மாருக்குத்தான் குழாயின் குறை தெரியும். மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள், குளோரின் போடுகிறார்களா, கசிவை எப்போது அடைப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். சுகாதார ஆய்வாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் தெரிவியுங்கள்.

குறை தீரும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை ஊருக்குள் கொண்டுவருவது உங்கள் வாய்தான்.