ஆண்டு முழுக்கத் தோட்டம்



இங்கிலாந்தின் கிராமங்கள் பலவற்றில் தோட்டக்கலைச் சங்கம் உண்டு. சிறிய சந்தா கட்டினால் போதும், யாரும் சேரலாம்.

குளிர்காலத்தில் மண்வெட்டிக்கு ஓய்வு. ஊர்ப் பொதுக்கூடத்தில் தேநீரோடு சொற்பொழிவு கேட்பார்கள். கூடவே விதைப் பட்டியலைப் புரட்டுவார்கள். வசந்தத்தில் வீட்டில் முளைக்கவைத்த நாற்றுகளை விற்பார்கள்; அந்தக் காசு சங்கச் செலவுக்கு.

கோடை நெருங்கினால் பேருந்து பிடித்துச் சுற்றுலா. லண்டனில் 1913 முதல் நடக்கும் செல்சீ மலர்க் கண்காட்சிக்குப் போகலாம். இல்லையென்றால் தனியார் வீட்டுத் தோட்டங்களைப் பார்க்கலாம். 1927இல் தொடங்கிய தேசியத் தோட்டத் திட்டத்தில், வீட்டுக்காரர்களே தோட்டத்தைத் திறந்துவிடுகிறார்கள். அன்று நுழைவுக் கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். திரண்ட பணம் நோயாளிகளின் வீடு தேடிப் போன செவிலியர்களுக்கு.

கோடை முடிவில் ஊர்க் கண்காட்சி. அங்கே பெரிதாக விளைந்தால் மட்டும் பரிசு கிடைக்காது. ஒரு தட்டில் வைத்த உருளைக்கிழங்குகள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்க வேண்டும். வெங்காயத்தின் காய்ந்த தாளை மடித்து நாரால் கட்டி, அழகாக நிறுத்தியிருப்பார்கள். பக்கத்து மேசையில் ஜாமுக்கும் கேக்குக்கும் போட்டி!

இலையுதிர் காலத்தில் டியூலிப் கிழங்குகளை மண்ணில் புதைத்துவிட்டு, அடுத்த வசந்தத்துக்குக் காத்திருப்பார்கள்.

நம் ஊர்த் தெருவிலும் நாலு பேர் சேர்ந்தால், விதை மாற்றிக்கொள்ள ஒரு திண்ணை போதாதா?